பாடகர் மாறினால் பேண்ட் மாறிவிடுமா? டீப் பேர்ப்பிளை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஹட்டன் பஸ் நிலையத்திலோ பண்டாரவளைக் கடைத்தெருவிலோ கொஞ்ச நேரம் நின்றால் போதும், ரொக் பேண்ட் ஒன்றின் பெயர் போட்ட கறுப்பு டீ-சேர்ட் கண்ணில் படும். அதைப் போட்டிருக்கிற பிள்ளைகளில் பலர் அந்தப் பாட்டுகளை உண்மையாகவே தேடிக் கேட்கிறவர்கள். ஆனால் பேச்சு என்று வரும்போது ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "ஒரிஜினல் பாடகர் போயிட்டாரு, இப்ப இருக்கிறது சும்மா பேருக்கு." இன்னொரு பக்கம், "பேரு இருந்தா போதும், யாரு வாசிச்சா என்ன?" என்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு பேச்சிலும் பிழை இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். அங்கே மெட்டுப் போடுபவர் ஒருவர், வரி எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். கிட்டார் வாசித்தவர் யார் என்று பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர் நாளைக்கு வராவிட்டால் இன்னொருவர் அதே தாளைப் பார்த்து வாசிப்பார். இந்தப் பழக்கத்தோடு ஒரு ரொக் பேண்டைப் பார்த்தால் பாடகர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவார். மற்ற நால்வரும் பின்னணி வாத்தியக்காரர்கள் போலத் தோன்றுவார்கள். உண்மை நிலவரம் வேறு. ஒரு பேண்டுக்குள் யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான், ஓர் ஆள் போவது எப்போது சின்ன விஷயம், எப்போது பெரிய விஷயம் என்று சொல்ல முடியும்.

இதற்கு டீப் பேர்ப்பிளை விடப் பொருத்தமான பேண்ட் எனக்குத் தெரியவில்லை. 1968இல் இங்கிலாந்தில் தொடங்கி, நடுவில் எட்டு வருடம் கலைந்து கிடந்து, இன்றைக்கும் மேடையேறுகிற பேண்ட் அது. அந்தப் பெயரின் கீழ் வாசித்தவர்கள் ஒரு டசினுக்கு மேல். எல்லா அணிகளிலும் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பாடகர் இல்லை.

முதலில், ஹார்ட் ரொக் என்பது என்ன?

"சத்தம்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சத்தம் இருக்கிறதுதான். 1972இல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் டீப் பேர்ப்பிள் வாசித்தபோது 117 டெசிபல் அளவிடப்பட்டு, உலகிலேயே அதிகச் சத்தமான பேண்ட் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து அந்த இசையைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மின் கிட்டாரின் கம்பி அதிர்வது மிக மெல்லிய மின் சைகையாகத்தான் வெளியே வரும். அதைப் பெரிதாக்குகிற பெட்டியை ஆம்ப் என்கிறோம். ஆம்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேலே சைகையைத் தள்ளினால், அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படி வெட்டுப்படும்போது, வாசித்த சுரத்தோடு அதன் மேல்நிலைச் சுரங்கள் பலவும் சேர்ந்து ஒலிக்கும். ஒலி தடித்து, உறுமலோடு, நீண்டு நிற்கும். இதற்குப் பெயர் டிஸ்டோர்ஷன். ஆரம்பத்தில் இதைக் கருவியின் கோளாறாகத்தான் பார்த்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்காரர்கள் சிலர் அதில் ஓர் அழகைக் கண்டார்கள். 1960களின் பிரித்தானிய இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டு இன்னும் பெரிய ஆம்புகளில் ஏற்றினார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான விளைவு. டிஸ்டோர்ஷனில் பல சுரங்களைச் சேர்த்து வாசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். அதனால் கிட்டார்காரர்கள் ஒரு சுரத்தை, அல்லது இரண்டே இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தார்கள். அப்படிப் பிறந்த, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற சிறிய சுரத்தொடர்தான் ரிஃப். நம் பாட்டுகளில் பல்லவியின் மெட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ, ஹார்ட் ரொக்கில் அந்த இடத்தில் ரிஃப் நிற்கிறது. பாட்டின் முதுகெலும்பு பாடகரின் தொண்டையிலிருந்து கிட்டாருக்கு இடம் மாறிவிட்டது.

அந்த ரிஃபுக்கு அடியில் ட்ரம்ஸும், பேஸ் கிட்டார் என்கிற கீழ்ச்சுரக் கிட்டாரும் சேர்ந்து தாளத்தைக் கட்டிப் பிடிக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து ரிதம் செக்‌ஷன் என்பார்கள். எந்தக் காலத்தில் யார் யார் எதை வாசித்தார்கள் என்ற அணிவரிசைக்கு லைன்-அப் என்று பெயர். இந்த நான்கு சொற்கள் போதும்: டிஸ்டோர்ஷன், ரிஃப், ரிதம் செக்‌ஷன், லைன்-அப்.

காமன் கூத்தில் ரதி மாறுவது

நம் தோட்டங்களில் மாசி மாதம் மூன்றாம் பிறைக்குக் கம்பம் நட்டுக் காமன் கூத்துத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரதி, மதன், சிவன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொரு வேஷத்துக்கும் ஆள் உண்டு. ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். போன வருஷம் ரதியாக ஆடி ஊரையே அழவைத்த தம்பி, இந்த வருஷம் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருப்பான். அவன் இடத்தில் இன்னொருவன் சேலை கட்டி வருவான். முதல் நாள் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும். "அவன் அளவுக்கு இல்ல" என்பார்கள். ஆனால் யாரும் அதை வேறு கூத்து என்று சொல்வதில்லை. ஏனென்றால் பாட்டைப் பிடித்துக் கொடுக்கிற வாத்தியார் இருக்கிறார், தப்பு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அடி மாறாதவரை அது அதே தோட்டத்துக் கூத்துதான். வாத்தியாரும் போய்த் தப்பு அடியும் மாறிவிட்டால், பழைய ரதியே வந்து நின்றாலும் ஏதோ ஒன்று விட்டுப்போனதாகத்தான் இருக்கும்.

பேண்டுக்கும் இது பெருமளவு பொருந்தும். கண்ணில் படுகிறவர் ஒருவர், கட்டிப் பிடித்து வைத்திருப்பவர் இன்னொருவர்.

ஆனால் ஒப்பீடு இங்கே நின்றுவிடுகிறது. காமன் கூத்துக்குப் பாட்டு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருகிறவர் அதைக் கற்றுக்கொள்கிறார். ரொக் பேண்டில் அப்படி முன்னோர் வைத்துவிட்டுப் போன பாட்டு எதுவும் இல்லை. இருக்கிற நான்கைந்து பேர்தான் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பாட்டை உண்டாக்குகிறார்கள். ஆகவே புதிதாக ஒருவர் வந்தால் பழைய பாட்டை வாசிப்பதோடு நிற்காது. அடுத்து வரப்போகிற பாட்டுகளே வேறாகும். அந்த வேறுபாடுதான் டீப் பேர்ப்பிளின் முழுக் கதையும்.

வந்து போவதற்கென்றே தொடங்கிய பேண்ட்

இந்தப் பேண்டுக்கு முதலில் யோசித்த பெயர் ரவுண்டபவுட். கிறிஸ் கேர்ட்டிஸ் என்ற ட்ரம்ஸ் கலைஞருக்கு ஒரு கனவு: சுற்றுகிற ராட்டினத்தில் ஏறி இறங்குவது போல, கலைஞர்கள் வந்து வாசித்துவிட்டுப் போகிற ஒரு குழு. பணம் போட லண்டன் வியாபாரி ஒருவரும் கிடைத்தார். ஆனால் கேர்ட்டிஸே முதலில் இறங்கிப் போய்விட்டார். அவர் அழைத்து வந்திருந்த கீபோர்ட் கலைஞர் ஜோன் லோர்ட்டும், கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரும் நின்றார்கள். அவர்களோடு ட்ரம்ஸுக்கு இயன் பெய்ஸ், பாட ரொட் எவன்ஸ், பேஸுக்கு நிக் சிம்பர். 1968இல் இந்த ஐவரும்தான் முதல் லைன்-அப். டீப் பேர்ப்பிள் என்ற பெயர், பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் தலைப்பிலிருந்து வந்தது. ரசிகர்கள் இந்த அணிகளை மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டு அழைக்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மார்க் 1 தோல்வியடைந்த அணி இல்லை. அவர்களுடைய முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட பாட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. ஆனால் அது இன்னொருவர் எழுதிய பாட்டு. மூன்று ஆல்பங்கள் வந்த பிறகும், இந்தப் பேண்டின் சொந்த ஒலி எது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலை. பிளாக்மோருக்கும் லோர்ட்டுக்கும் பெய்ஸுக்கும் அது உறுத்தியது. இன்னும் கனமாக, இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று நினைத்தார்கள். எவன்ஸின் குரல் மென்மையானது. அந்தப் பாதைக்கு அது ஒத்துவராது என்று முடிவு கட்டினார்கள்.

1969இல் எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து இயன் கில்லனைப் பாட அழைத்தார்கள். கில்லனோடு சேர்ந்து பாட்டு எழுதிவந்த பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரும் கூடவே வந்தார். எவன்ஸும் சிம்பரும் பழைய அணியோடு மேடையில் வாசித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர்களுக்குத் தெரியாமலே புதிய ஆட்களோடு ஒத்திகை நடந்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கூட உழைத்தவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தில் என்ன கிடைத்தது என்பதைப் பார்க்காமலும் இருக்க முடியாது. ஒரு குரலுக்குப் பதிலாக இன்னொரு குரல் வந்தது மட்டும் இல்லை. பாட்டு எழுதத் தெரிந்த ஒரு சோடி உள்ளே வந்தது.

மார்க் 2: ஏற்றம் எங்கிருந்து வந்தது

முதல் சில மாதங்கள் தடுமாற்றம்தான். 1969 செப்டெம்பரில் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில், லோர்ட் எழுதிய நீண்ட படைப்பொன்றை ரோயல் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தார்கள். ஓர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற குழு என்று பெயர் வந்தது பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆல்பம் முழுக்க முழுக்கக் கனமான ரொக்காக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1970 ஜூனில் அது வந்தது. ஐந்து பேரின் முகங்களையும் அமெரிக்காவின் ரஷ்மோர் மலைச் சிற்பம் போலப் பாறையில் செதுக்கியதாக அட்டைப்படம். பிரித்தானியப் பட்டியலில் 4ஆம் இடம். பாட்டு எல்லாவற்றுக்கும் ஐவரின் பெயரும் எழுத்தாளராகப் போடப்பட்டது. முன்பு சொன்னேனே, அறைக்குள் உட்கார்ந்து பாட்டை உண்டாக்குவது என்று. அது இந்தப் பேண்டில் உண்மையில் நடக்கத் தொடங்கியது இங்கேதான்.

ஒலியிலும் ஒரு விஷயம் நடந்திருந்தது. லோர்ட் வாசித்தது ஹெமண்ட் ஓர்கன். தேவாலயத்திலும் ஜாஸ் இசையிலும் மென்மையாகக் கேட்கிற கருவி அது. அதை அவர் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்பில் இணைத்து டிஸ்டோர்ஷனோடு வாசித்தார். கிட்டாரும் ஓர்கனும் ஒரே மாதிரி உறுமத் தொடங்கின. சில இடங்களில் எது கிட்டார், எது ஓர்கன் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இன்று வரை டீப் பேர்ப்பிளை மற்றப் பேண்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் கேட்க வேண்டுமென்றால் அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டான "ஸ்மோக் ஒன் த வோட்டர்" (தண்ணீரின் மேல் புகை) இருக்கிறது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரூ நகரில் ஏரிக்கரைக் கசினோ ஒன்றில் ஆல்பம் பதிவு செய்யப் போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 4ஆம் திகதி, அதே கசினோவில் அமெரிக்க ரொக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி. கூட்டத்தில் யாரோ ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டிடம் முழுவதும் எரிந்து போனது. ஏரியின் மேல் புகை படர்வதை பேண்ட் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டின் வரிகள் கிட்டத்தட்ட அன்று நடந்ததை அப்படியே சொல்பவை. பிறகு ஒரு சிறு அரங்கில் இசையைப் பதிவு செய்யப் போக, அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி ஆல்பம், குளிர்காலத்துக்காக மூடியிருந்த ஒரு ஹோட்டலின் நடைவழியில் பதிவானது.

அந்தப் பாட்டின் முதல் ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள். முதலில் கிட்டார் மட்டும்: நான்கே சுரங்களில் கட்டிய ரிஃப். இரண்டிரண்டு சுரங்களாக, விரலால் மீட்டி வாசிக்கிறார் பிளாக்மோர். அடுத்து, ட்ரம்ஸில் ஹை-ஹட் என்கிற சோடித் தட்டு மெல்லத் தட்டுகிறது, கூடவே ஓர்கன் அதே ரிஃபைப் பிடிக்கிறது. அப்புறம் முழு ட்ரம்ஸ். அதன் பிறகு பேஸ். எல்லோரும் வந்து நின்ற பிறகுதான் கில்லன் வாயைத் திறக்கிறார். அதற்குள் பாட்டு உங்கள் தலைக்குள் ஏறிவிட்டது. உலகம் முழுக்கக் கிட்டார் கற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் பழகுவதும் அந்த ரிஃபைத்தான்.

1972 மார்ச்சில் வந்த அந்த ஆல்பம் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. அதே ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான மேடை ஆல்பம், ரொக் இசையின் நேரடிப் பதிவுகளில் இன்றும் மேலே வைத்துப் பேசப்படுவது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மார்க் 1இல் வெற்றி இருந்தது, சொந்தக் குரல் இல்லை. இரண்டு பேரை மாற்றியதும் பாட்டு எழுதும் முறையே மாறியது, பேண்ட் மேலே போனது. லைன்-அப் மாறினால் பேண்ட் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கு இந்தப் பேண்டின் ஏற்றமே மறுப்பு. பலர் "ஒரிஜினல் அணி" என்று சொல்கிற அந்த ஐவர், உண்மையில் இரண்டாவது அணி.

1973: பாடகர் போன பிறகு

இடைவிடாத பயணம், களைப்பு, பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் இடையே பேச்சே இல்லாத நிலை. 1973 ஜூன் இறுதியில் ஒசாகா நிகழ்ச்சியோடு கில்லன் விலகினார். குளோவரையும் வெளியே அனுப்பினார்கள். பாறையில் முகம் செதுக்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

வந்தவர்கள் இருவர். டேவிட் கவர்டேல், வட இங்கிலாந்தில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த, வெளியே பெயர் தெரியாத பாடகர். கிளென் ஹியூஸ், பேஸ் வாசித்துக்கொண்டே பாடவும் கூடியவர். இப்போது கூத்து ஒப்பீட்டின் எல்லையை நினைவில் வையுங்கள். இந்த இருவரும் பழைய வேஷத்தைக் கட்டிக்கொண்டு வரவில்லை. கில்லனின் உச்சக் கூச்சலுக்குப் பதில் கவர்டேலின் கனத்த புளூஸ் குரல் வந்தது. ஹியூஸோடு அமெரிக்க சோல், ஃபங்க் இசையின் அசைவு வந்தது. 1974இன் முதல் ஆல்பத்தில் அந்தக் கலவை அபாரமாக அமைந்தது. என் கணக்கில் அது மார்க் 2இன் எந்த ஆல்பத்துக்கும் சளைத்ததல்ல. ஆனால் அந்த அசைவு கூடக்கூட, ரிஃபைப் பிடித்து வைத்திருந்த பிளாக்மோருக்கே தன் பேண்ட் அந்நியமாகிப் போனது. 1975இல் அவர் விலகி ரெயின்போ என்ற பேண்டைத் தொடங்கினார்.

பாடகர் போனதைத் தாங்கிய பேண்ட், கிட்டார்காரர் போனதைத் தாங்கவில்லை. அமெரிக்க இளைஞர் டொமி போலின் வந்தார். நல்ல கலைஞர். அவரோடு எடுத்த ஒரே ஆல்பத்தைத் தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேடையில் கூட்டம் எதிர்பார்த்தது பிளாக்மோரின் ரிஃபை. போலினுக்குப் போதைப் பழக்கமும் இருந்தது. 1976இல் பேண்ட் கலைந்தது. அந்த வருடம் டிசம்பர் 4ஆம் திகதி, மொன்ட்ரூ தீ விபத்து நடந்து சரியாக ஐந்து வருடத்தில், போலின் 25 வயதில் இறந்துபோனார். அவரைப் பற்றிப் பேசுகிற பலர் "பேண்டைக் கெடுத்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம். முதுகெலும்பு போன இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, ஒன்றும் நடக்காதது போல நடக்கச் சொன்னார்கள்.

பெயர் யார் கையில்?

"பேரு இருந்தா போதும்" என்கிறவர்களுக்கான பதில் 1980இல் இருக்கிறது.

பேண்ட் கலைந்து கிடந்த நேரம். மார்க் 1இன் பாடகர் ரொட் எவன்ஸை முன்னிறுத்தி, டீப் பேர்ப்பிளில் என்றைக்குமே வாசிக்காத சிலரைச் சேர்த்து, அதே பெயரில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். டிக்கெட் வாங்கிப் போன சனம் எதிர்பார்த்தது வேறு, மேடையில் நின்றது வேறு. பல இடங்களில் கூட்டம் கொதித்துவிட்டது. பெயரின் உரிமையை வைத்திருந்த நிர்வாகத்தினர் நீதிமன்றம் போனார்கள். 672,000 டொலர் நட்டஈடு கட்டும்படி தீர்ப்பு வந்தது. எவன்ஸ் தான் பாடிய முதல் மூன்று ஆல்பங்களுக்கான ரோயல்டியையும், அதாவது விற்பனையில் கலைஞருக்கு வரவேண்டிய பங்கையும், இழந்தார். அதன் பிறகு இசையுலகில் அவரைக் காணவே முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு பக்கமும். சட்டத்தின் கண்ணில் பேண்டின் பெயர் ஒரு சொத்து. ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. முதல் நாளிலிருந்து பாடினேன் என்பது அங்கே செல்லாது. ஆனால் அந்தக் கூட்டம் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. முதல் அணியின் பாடகரே நேரில் நின்றும், அந்த ஒலி இல்லை என்பது அவர்களுக்குக் காதால் தெரிந்தது. பெயரும் ஒலியும் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் சனம் அதைப் பேண்ட் என்று ஏற்றுக்கொள்கிறது.

மற்ற இரண்டு பேண்டுகள், சுருக்கமாக

ஒரே பேண்டை வைத்து விதி சொல்லக் கூடாது. பேர்மிங்ஹாமில் தொடங்கிய பிளாக் சப்பாத்தை எடுத்துக்கொள்வோம். 1979இல் பாடகர் ஓஸி ஒஸ்போர்ன் வெளியேற்றப்பட்டார். ரெயின்போவில் பாடிய ரொனி ஜேம்ஸ் டியோ வந்தார். 1983இல் நம் கில்லனே போய் ஓர் ஆல்பம் பாடிவிட்டு வந்தார். இத்தனைக்கும் நடுவில் எல்லா அணிகளிலும் இருந்தவர் கிட்டார் கலைஞர் டொனி ஐயோமி மட்டும். தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த பிறகு, பிளாஸ்டிக் போத்தலை உருக்கி உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர். அவருடைய ரிஃப் கேட்கிற இடமெல்லாம் அது பிளாக் சப்பாத்தாகவே கேட்கிறது.

அவுஸ்திரேலியாவின் ஏசி/டீசி கதை இன்னும் தெளிவு. 1980 பெப்ரவரியில் பாடகர் பொன் ஸ்கொட் இறந்தார். எல்லோரும் முடிந்தது என்றார்கள். பிரையன் ஜோன்சன் வந்து, அதே வருடம் ஜூலையில் வெளியான ஆல்பம் உலகில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. மேடையில் எல்லோர் கண்ணும் பாடசாலைச் சீருடையில் துள்ளுகிற அங்கஸ் யங் மேல்தான். ஆனால் பின்னால் அசையாமல் நின்று ரிஃபை அடித்துக்கொண்டிருந்த அண்ணன் மல்கம் யங்தான் அந்தப் பேண்டின் வாத்தியார். அவர் மறதி நோயால் 2014இல் விலகியபோது, இடத்துக்கு வந்தவர் அவர்களுடைய அண்ணன் மகன் ஸ்டீவி. 1988இலும் ஒரு பயணத்தில் மல்கமுக்குப் பதிலாக வாசித்தவர் அவர். அந்த அடியைக் குடும்பத்துக்குள்ளேயே பழகியவர்.

ஆக, குரல் போனால் பேண்ட் தடுமாறும், பிறகு எழும்பலாம். ரிஃபையும் அடியையும் பிடித்தவர் போனால்தான் ஆபத்து. அப்போதும் பிழைத்த பேண்ட் உண்டா? உண்டு. டீப் பேர்ப்பிளே அதற்குச் சாட்சி.

இரண்டாவது பிறப்பு

1984இல் மார்க் 2 ஐவரும் மீண்டும் சேர்ந்தார்கள். பழைய சண்டையும் சேர்ந்தே வந்தது. 1989இல் கில்லன் போனார், 1992இல் திரும்பினார், 1993இல் பிளாக்மோர் நடுப் பயணத்தில் விலகினார். 1976இன் கதை மறுபடி நடக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நடக்கவில்லை. மீதிப் பயணத்துக்கு ஜோ சாட்ரியானி என்ற கிட்டார் கலைஞர் கைகொடுத்தார். 1994இல் அமெரிக்கர் ஸ்டீவ் மோர்ஸ் வந்து 28 வருடம் நின்றார். இந்த முறை அடியில் பெய்ஸும் குளோவரும் இருந்தார்கள், லோர்ட்டின் ஓர்கன் இருந்தது, கில்லன் இருந்தார். கிட்டார் தவிர மற்ற எல்லாம் ஊறிப்போன கை. போலினுக்குக் கிடைக்காத தரை மோர்ஸுக்குக் கிடைத்தது.

2002இல் லோர்ட் ஓய்வுபெற்றார், 2012இல் மறைந்தார். அவர் இடத்தில் டொன் ஐரி. மனைவியின் நோய் காரணமாக 2022இல் மோர்ஸ் விலக, வட அயர்லாந்தின் சைமன் மெக்பிரைட் வந்தார். 1968இலிருந்து எல்லா அணிகளிலும் மாறாமல் இருப்பவர் இயன் பெய்ஸ், அந்த இடக்கை ட்ரம்ஸ் கலைஞர்.

பேண்ட் என்றால் யார் என்ற கேள்வியில் பெரிய அமைப்புகளே தடுமாறுவதையும் சொல்ல வேண்டும். 2016இல் அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் என்கிற புகழ் மண்டபம் டீப் பேர்ப்பிளை ஏற்றபோது எட்டுப் பேரின் பெயரைச் சேர்த்தது. எவன்ஸ் உண்டு, அவரோடு அதே மூன்று ஆல்பங்களில் வாசித்த சிம்பர் இல்லை. கவர்டேல், ஹியூஸ் உண்டு. அப்போது இருபது வருடத்துக்கு மேல் பேண்டில் இருந்த மோர்ஸ் இல்லை. எனக்கு இன்றும் விளங்காத கணக்கு அது.

காதால் சரிபார்ப்பது எப்படி

படித்ததை நம்பிவிடாதீர்கள், கேட்டுப் பாருங்கள். 1968இன் முதல் ஆல்பம், 1970இன் பாறை முகங்கள் ஆல்பம், 1972இன் ஜப்பான் மேடை ஆல்பம், 1974இல் கவர்டேல் வந்த முதல் ஆல்பம், போலினோடு 1975இல் எடுத்தது, மெக்பிரைட்டோடு 2024இல் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டு போதும். முதல் முறை பாடகரைக் கவனியுங்கள். எவன்ஸ், கில்லன், கவர்டேல் என்று மூன்று வேறு வேறு பேண்ட் என்றே தோன்றும். இரண்டாம் முறை பாடகரை விட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். பெய்ஸ் வெறுமனே ஓங்கி அடிக்கிறவர் இல்லை. ஜாஸ் கலைஞரைப் போல ஸ்னேர் ட்ரம்மில் நடுநடுவே சின்னச் சின்ன உருட்டல்களைச் சேர்த்துக்கொண்டே போவார். அந்த உருட்டல் 1970இலும் இருக்கிறது, அவருடைய 76 வயதில் வெளிவந்த 2024 ஆல்பத்திலும் இருக்கிறது.

மூன்றாம் முறை ஓர்கனும் கிட்டாரும் ஒன்றோடொன்று உரசுகிற இடங்களைத் தேடுங்கள். ஐரி வந்த பிறகும் அந்த உரசல் தொடர்கிறதா, மோர்ஸின் கையிலும் மெக்பிரைட்டின் கையிலும் அது எப்படி மாறுகிறது என்பதை நீங்களே சொல்லலாம். ஒரு விஷயம்: போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது, குளோவரும் ஹியூஸும் இல்லாத பேண்டைத்தான் கேட்பீர்கள். இயர்போன் இல்லையென்றால், வீட்டில் இருக்கிற டீவீ ஸ்பீக்கரிலாவது போட்டுக் கேளுங்கள்.